கூட்டமும் கூட்டும்: ஒரு குறியும் 3,330 நிராகரிப்புகளும்

‘மக்களிடமிருந்து’ என்கிற சொல்லைக் கேட்டால் நம் தோழர்களுக்கு மனசு இளகிப்போகிறது. எனக்கும்தான். ஓர் அரசோ கம்பெனியோ ஊர்ச் சங்கமோ தனக்கு வேண்டிய இலச்சினையை ஓவியர் ஒருவரிடம் காசு கொடுத்து வரையச் சொல்லாமல், ‘யார் வேண்டுமானாலும் வரைந்து அனுப்பலாம், சிறந்ததற்குப் பரிசு’ என்று அறிவிக்கிறபோது, அங்கே ஏதோவொரு ஜனநாயகம் நடப்பதான தோற்றம் உண்டாகிறது. நிபுணத்துவம் எனும் அதிகாரம் உடைகிறது, விளிம்பில் இருப்பவன் மையத்துக்கு வருகிறான் என்றெல்லாம் நம்முடைய பழகிய சொல்லாடலை வைத்தே இதை நியாயப்படுத்திவிடலாம். இந்தத் தோற்றம் முழுப் பொய்யுமில்லை. அதனால்தான் இதைப் பற்றி எழுதுவது சிக்கலாக இருக்கிறது.

நான் வெளியே நின்று தீர்ப்புச் சொல்கிற ஆள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரக்காணத்தில் இப்படியொரு போட்டிக்கு விதி எழுதியவன் நான். நடுவராக உட்கார்ந்தவனும் நான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ‘கிரவுட்சோர்சிங்’ என்கிறார்கள். 2006-இல் ‘வயர்ட்’ இதழில் ஜெஃப் ஹோவ் என்ற பத்திரிகையாளர் புழக்கத்துக்கு விட்ட வார்த்தை. வேலையை வெளியாளிடம் கொடுத்து வாங்கும் ‘அவுட்சோர்சிங்’கில் ஆளை எடுத்துவிட்டுக் கூட்டத்தை வைத்தால் இது. தமிழில் இதற்குக் ‘கூட்டு’ என்று ஆரம்பிக்கிற சொற்களைச் செய்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கூட்டம் வேறு, கூட்டு வேறு. கூட்டுப் பட்டாவிலோ கூட்டாகப் பிடிக்கிற மீனிலோ உள்ளவர்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்தாக வேண்டும், சண்டை போட்டாவது ஆக வேண்டும். இங்கே வரைந்து அனுப்புகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, ஒருவர் படத்தை இன்னொருவர் பார்ப்பதுமில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாக, ஒரே வாசலை நோக்கி நிற்கிறார்கள். ஆகவே ‘கூட்டக் கொள்முதல்’ என்றே இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன். நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

2

2009 மார்ச்சில் மத்திய நிதியமைச்சகம் ரூபாய்க்கு ஒரு குறி வேண்டுமென்று நாட்டு மக்களை அழைத்தது. டாலருக்கு இருக்கிறது, பவுண்டுக்கு இருக்கிறது, யூரோவுக்கும் யென்னுக்கும் இருக்கிறது, நமக்கு இல்லை என்பது குறை. இந்தியப் பண்பாடு அதில் தெரிய வேண்டும், கணினி விசைப்பலகையில் அடங்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். ஒருவர் இரண்டு வடிவங்கள்வரை அனுப்பலாம். விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய், திருப்பித் தரப்படாது. 3,331 வடிவங்கள் வந்து குவிந்தன. ரிசர்வ் வங்கித் துணை ஆளுநர் ஒருவர் இருந்த நடுவர் குழு ஐந்தைப் பொறுக்கியெடுத்தது. 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை அந்த ஐந்தில் ஒன்றை ஏற்றுக்கொண்டது. தேவநாகரி ‘ர’வையும் ரோமன் ‘ஆர்’ எழுத்தையும் ஒன்றாக்கி, மேலே இரண்டு கிடைக்கோடு போட்ட அந்த வடிவம் இன்று நம் எல்லோருடைய சட்டைப் பைக்குள்ளும் இருக்கிறது. வரைந்தவர் த. உதயகுமார். பரிசு இரண்டரை லட்சம் ரூபாய். இறுதிக்கு வந்த ஐவருக்கும் தலா 25,000.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொருவரும் அனுமதித்தபடி இரண்டிரண்டு அனுப்பினார்கள் என்று வைத்தாலும் 1,600-க்கு மேற்பட்ட ஆட்கள். தலைக்கு 500 என்றால் எட்டு லட்சத்துக்கு மேலே வருகிறது. பணம் கட்டாமல் அனுப்பியவர்கள் என்று கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், மொத்தப் பரிசுத் தொகையான மூன்றே முக்கால் லட்சம் அதற்குள் அடங்கிவிடும். ஓர் அரசாங்கம் தன் நாணயத்துக்குக் குறி வாங்குகிறது. அதற்கான விலையை விற்க வந்தவர்களிடமே வசூலித்துக்கொள்கிறது! கட்டணம் கண்டதையும் அனுப்புகிறவர்களைத் தடுக்கத்தான் என்று சொல்லக்கூடும். இருக்கலாம். வேலை கேட்டு வருகிறவனிடம் வாசலில் காசு வாங்குவதற்கு நம்மூரில் வேறு பெயர் உண்டு.

அந்தச் செய்தி வந்த நாட்களில் நான் கல்லூரி மாணவன். உதயகுமார் கள்ளக்குறிச்சிக்காரர். அன்றைக்குக் கள்ளக்குறிச்சியும் மரக்காணமும் ஒரே விழுப்புரம் மாவட்டம் (2019-இல்தான் தனி மாவட்டமாகப் பிரிந்தது). ‘நம்ம மாவட்டத்துப் பையன்’ என்ற பெருமை டீக்கடைவரைக்கும் வந்தது. நானும் அந்தப் பெருமையில் பங்கெடுத்தவன். ‘யாரோ ஒருவன், எங்கோ ஒரு மூலையிலிருந்து’ என்பதே அந்தக் கதையாடலின் சாரம். ஆனால் பிரதியைக் கொஞ்சம் நெருங்கி வாசித்தால், அவர் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டிடக்கலை படித்தவர், மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையத்தில் முதுநிலையும் ஆய்வும் முடித்தவர், கௌஹாத்தி ஐ.ஐ.டி.யில் ஆசிரியப் பணியில் சேரவிருந்தவர். இறுதி ஐவரில் நொந்திதா கொரியா மெஹ்ரோத்ராவும் ஒருவர், தேர்ந்த கட்டிடக்கலைஞர். இதைச் சொல்வது உதயகுமாரின் உழைப்பைக் குறைப்பதற்கில்லை. கூட்டத்தைக் கூப்பிட்டுவிட்டு, கடைசியில் பயிற்சி பெற்ற கையையே எடுத்துக்கொண்டார்கள் என்றால், அந்தக் கூட்டம் எதற்குத் தேவைப்பட்டது என்பதே என் கேள்வி. விளம்பரத்துக்கு என்றுதான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. ‘மக்கள் தந்த குறி’ என்று சொல்லிக்கொள்வதற்கு அத்தனை பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. உதயகுமாரின் ஆய்வுப் பொருளே தமிழ் எழுத்துருவியல். தமிழ் எழுத்தின் வளைவு நெளிவுகளோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த ஒருவர், தேசத்துக்கு ஒரு குறி என்றதும் தேவநாகரியிடம் போகிறார். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? ‘இந்தியப் பண்பாடு தெரிய வேண்டும்’ என்று கேள்வி கேட்டவன், பதில் எந்த எழுத்தில் வரவேண்டுமென்பதையும் பாதி சொல்லிவிட்டான். கூட்டக் கொள்முதலில் பதில் சொல்லத்தான் எல்லோருக்கும் சுதந்திரம். கேள்வி கேட்கும் உரிமை எப்போதும் ஒரே இடத்தில் இருக்கிறது. தேர்ந்தெடுக்கும் உரிமையும் அங்கேயேதான். போட்டி நடந்த விதத்தைக் கேள்வி கேட்டு, கலந்துகொண்ட ஒருவர் தில்லி உயர்நீதிமன்றம்வரை போனார். நம் பத்திரிகைகள் அதைச் சீந்தவில்லை.

2025 மார்ச்சில் தமிழக அரசு தன் 2025-26 நிதிநிலை அறிக்கையின் இலச்சினையில் அந்தக் குறியை விட்டு ‘ரூ’ என்று போட்டதும் இரண்டு நாளைக்கு ஒரே கூச்சல். வரைந்தவரின் அப்பா தி.மு.க.வின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் என்பதைத் தோண்டியெடுத்து அதை ஒரு வாதமாக வேறு வைத்தார்கள். என் ஞாபகம் வேறொன்றுக்குப் போனது. நம்முடைய பழைய கணக்கேடுகளிலும் பத்திரங்களிலும் ரூபாய்க்கு ஒரு குறி உண்டு: ௹. பார்த்திருப்பீர்கள். தாத்தா காலத்துப் பிராமிசரி நோட்டு ஒன்றை எடுத்து விரித்தால் கிடைக்கும். இதை வரைந்தது யார்? ஒருத்தருமில்லை, எல்லோரும். கணக்குப்பிள்ளைகளும் மண்டிக்காரர்களும் பத்திர எழுத்தர்களும் அவசரத்தில் எழுதி எழுதி, ஒருவர் கையைப் பார்த்து இன்னொருவர் எழுதி, தேய்ந்து உருவான வடிவம். பரிசு பெற்றவர் என்று ஒருவரில்லை, தோற்றவர் என்றும் எவருமில்லை. கூட்டு என்று நான் சொல்வது இதைத்தான். இது உருவாகத் தலைமுறைகள் பிடித்தன, அமைச்சகத்துக்கு அவ்வளவு பொறுமை இருக்காது என்பது சரி. ஆனால் ‘மக்கள் வடித்த குறி’ என்ற சொற்றொடருக்கு உரிமை கொண்டாட வேண்டியது எது என்பதிலாவது தெளிவு வேண்டும்.

3

இனி மறுபக்கம். இதைச் சொல்லாமல் போனால் நான் வடிவமைப்பாளர் சங்கத்துக் கையேடு எழுதியவனாகிவிடுவேன்.

மேற்கே இந்தக் கொள்முதலை முதலில் எதிர்த்தவர்கள் தொழில்முறை வடிவமைப்பாளர்கள். 2011-இல் அமெரிக்காவில் ஒபாமாவின் தேர்தல் பிரச்சாரக் குழு வேலைவாய்ப்பை வலியுறுத்திச் சுவரொட்டி வரைந்து தரும்படி கலைஞர்களைக் கூப்பிட்டது. வென்றவருக்குக் கூலி கிடையாது. கையெழுத்திட்ட பிரதி ஒன்று சட்டம் போட்டுத் தரப்படும். வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு எதிரான படத்தைச் சம்பளமில்லாமல் வரையச் சொல்கிறார்களே என்று அங்குள்ள வடிவமைப்பாளர் அமைப்பு கண்டித்தது. நியாயமான கண்டனம். ஆனால் அவர்கள் வாதத்தை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது. ‘பயிற்சி பெற்றவரிடம் மட்டும் கொடு’ என்று இந்தியாவில் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியது 1961-இல். அங்கேயும் அதுபோன்ற இடங்களிலும் நுழைவதற்கான பரீட்சை, பரீட்சைக்கான ஆங்கிலம், ஆங்கிலத்துக்கான பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்துக்கான பணம் என்று பின்னோக்கிப் போனால், அந்தச் சங்கிலி எந்தத் தெருவில் போய் முடியுமென்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மரக்காணத்து அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு ‘வடிவமைப்பு’ என்று ஒரு தொழில் இருப்பதே இந்த மாதிரிப் போட்டி நோட்டீஸில்தான் தெரியவருகிறது. 2014-இல் தூய்மை இந்தியா இயக்கத்துக்குக் காந்தியின் மூக்குக் கண்ணாடியை இலச்சினையாக வரைந்தவர் கோலாப்பூர்க்காரர். அதுவும் போட்டிதான். தில்லியிலோ மும்பையிலோ இருக்கிற பெரிய விளம்பரக் கம்பெனிக்கு நேராகப் போயிருக்க வேண்டிய வேலை அது.

ஜப்பானில் நடந்ததும் இதற்குப் பொருந்தும். டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு முதலில் போட்டி வைத்தபோது, ஏற்கெனவே பெரிய விருதுகள் வாங்கியவர்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்றார்கள். 104 வடிவங்கள் வந்தன. தேர்வானது பெல்ஜியத்து நாடக அரங்கு ஒன்றின் இலச்சினையைப் போலிருக்கிறது என்று சர்ச்சை கிளம்பி, 2015 செப்டம்பரில் அதைக் கைவிட்டார்கள். அடுத்த தடவை கதவைத் திறந்துவிட்டார்கள்: 14,599 வடிவங்கள்! 2016 ஏப்ரலில் தேர்வானது அசாவோ தொக்கோலோவின் கட்டங்கள். நிபுணர்களின் மூடிய அறையும் யோக்கியமில்லை என்பதற்கு முதல் போட்டி சாட்சி. திறந்த கதவும் கடைசியில் தேர்ந்த கலைஞர் ஒருவரிடமே போய்ச் சேர்ந்தது என்பதற்கு இரண்டாவது சாட்சி. இடையில் 14,598 பேரின் இரவுகள்.

ஆகவே கதவைத் திறப்பதா மூடுவதா என்று இந்தப் பிரச்சினையை வைத்துக்கொண்டால் நாம் எங்கும் போய்ச் சேர மாட்டோம். திறந்த கதவுக்குள் நடப்பது என்ன, அங்கே யாருடைய உழைப்பு எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். எனக்கு இதைப் புரியவைத்தது புத்தகம் இல்லை, மரக்காணம்.

4

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். மரக்காணம் நெருங்கும்போது பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வெயிலில் கண்ணைக் கூசும் வெள்ளைக் குவியல்கள், சிலவற்றின்மேல் கீற்று வேய்ந்திருக்கும். இங்கே விளைகிறதை மூட்டையாக லாரி ஏற்றிவிட்டு, வேறு யாரோ பெயரில் பொட்டலமாகத் திரும்ப வாங்குகிறோமே, ஊர்ப் பெயரிலேயே பொட்டலம் போட்டால் என்ன என்று சில வருஷங்களுக்கு முன்பு ஓர் அமைப்பு முனைந்தது. பெயர் வேண்டாம். நோக்கம் நல்ல நோக்கம் என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை. பொட்டலத்துக்கு ஓர் இலச்சினை வேண்டும், கையில் காசில்லை, ‘ஊர் மக்களிடமே கேட்போம்’ என்றார்கள். தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால் நோட்டீஸ் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். பிறகு மூன்று நடுவர்களில் ஒருவனாகவும் ஆக்கினார்கள்.

நோட்டீஸில் நான் இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, ‘மரக்காணத்தின் தொன்மையும் பெருமையும் வெளிப்பட வேண்டும்’ என்று எழுதினேன். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது அறிஞர்கள் பலர் சொல்வது. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் துறைமுகம். அதையும் இரண்டு வரியில் சேர்த்தேன். படித்தவனுக்குக் கிடைத்த இடத்தில் படித்ததைச் சொல்லாமல் இருக்க முடியுமா! இரண்டாவது, கடைசி வரி: ‘வரும் படைப்புகள் திருப்பி அனுப்பப்பட மாட்டா, அவை அனைத்தும் எமக்கே உரியவை.’ இதை நான் யோசித்து எழுதவில்லை. எந்தச் சிறுகதைப் போட்டி அறிவிப்பிலும் இருக்கிற வரிதானே என்று கை தானாக எழுதிவிட்டது. உழைப்பின்மீதான உடைமையை ஒரே வாக்கியத்தில் மாற்றிவிடுகிற சட்டம் அது என்று அப்போது உறைக்கவில்லை.

ஊரில் கடைப் பலகை எழுதுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஃபிளெக்ஸ் வந்த பிறகு அவருக்கு வேலை குறைந்துபோனது. படகுக்குப் பெயர் எழுதுவார், சுவர் எழுதுவார். அவர் கலந்துகொள்ள வேண்டுமென்று நானே போய்ச் சொன்னேன். அவர் பதில்:

“தம்பி, அளவு சொல்லு, காசு சொல்லு, எழுதித் தரேன். புடிக்கலன்னா அழிச்சிட்டு மறுபடி எழுதறேன், அதுக்குத் தனியாக் காசு கேக்க மாட்டேன். நாப்பது பேரு எழுதி நீங்க ஒண்ண எடுத்துக்குவீங்கன்னா, மீதிப் பேரு இன்னாத்துக்கு எழுதினோம்?”

போட்டிக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நாற்பதுக்கு மேலே படங்கள் வந்தன. பெரும்பாலானவற்றில் கப்பல், கோட்டை மதில், யாழ், கோபுரம். அயோடின் உப்புப் பொட்டலத்தில் இருக்கிற சிரிக்கும் சூரியனை அப்படியே பார்த்து வரைந்த சின்னப் பையன் ஒருவனும் இருந்தான். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் வீட்டிலிருந்து வந்த படங்களில்கூடக் கப்பல்தான். எப்படி வராமல் போகும்? நோட்டீஸில் கேட்டது அதைத்தானே. ரூபாய்க் குறி விஷயத்தில் மேலே நான் பெரிதாகச் சொன்னேனே, கேள்வியிலேயே பாதிப் பதிலைப் போட்டுவிட்டார்கள் என்று, அதைச் சின்ன அளவில் நானும் செய்திருக்கிறேன்.

விலகி நின்றவை மூன்றோ நான்கோதான். அதில் ஒன்று பிளஸ் ஒன் படிக்கிற பெண் வரைந்தது. அவள் அம்மா உப்பு வாருகிறவர். நோட்டுத் தாளில் பென்சில் படம்: வரிசையாக ஐந்து குவியல், நான்கு மூடியிருக்கிறது, ஐந்தாவதில் பாதிக்குத்தான் கீற்று ஏறியிருக்கிறது, வாருகிற பலகை அதன்மேல் சாய்ந்திருக்கிறது. மழை வரப்போகிறது என்று படத்தில் எங்கேயும் இல்லை, ஆனால் தெரிகிறது. கூட இருந்த நடுவர், “வேல தெரியுது, பெரும தெரியலியே” என்றார். நான் தலையாட்டினேன். கப்பலும் கோபுரமும் போட்டு, வெளியூரிலிருந்து கணினியில் செய்து அனுப்பிய ஒன்றுக்குப் பரிசு கொடுத்தோம். 5,000 ரூபாய்.

அடுத்த வருஷம் பொட்டலம் வந்தது. முன்பக்கம் கப்பல். பின்பக்கம், எடையும் விலையும் போடுகிற இடத்துக்கு மேலே, சின்னதாக ஐந்து குவியல்கள். ஐந்தாவதில் பாதிக் கீற்று. கேட்டேன். “உப்புக் குவியல யாரு வரைஞ்சாலும் அப்பிடித்தான் இருக்கும் சார்” என்றார்கள். உண்மையாகவும் இருக்கலாம். “அப்படியே எடுத்திருந்தாலும், எல்லாம் நமக்கே உரியதுன்னு நீங்கதான எழுதினீங்க?” என்றார் ஒருவர், சிரித்துக்கொண்டே.

அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் பொட்டலத்தோடு போனேன். என்ன சொல்லப் போனேன் என்று எனக்கே தெரியாது. அம்மா பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “உப்பு அழுக்காயிருக்குதுன்னு தள்ளினாக்கூட வாரினவங்களுக்குக் கூலியக் குடுத்துடுவாங்களே சார். இதுல அது கூட இல்லியா?”

5

உப்பளத்தைப் புனிதப்படுத்த நான் வரவில்லை. உப்பு நீரில் நின்று வெடித்த பாதம், வெள்ளையைப் பார்த்துப் பார்த்து மங்கும் கண், மழைக்காலத்தில் வேலையே இல்லாத மாதங்கள், அதற்காக வாங்குகிற முன்பணம், அந்த முன்பணம் போடுகிற கட்டு எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அங்கேயும் சுரண்டல்தான். ஆனால் அந்தச் சுரண்டலில் ஒரு குறைந்தபட்ச ஒப்புதல் இருக்கிறது: குனிந்து வாரிய நாள் ஒரு நாள். திடீர் மழையில் பாத்தி கரைந்துபோனால் நஷ்டம் குத்தகைக்காரனுக்கும், வாரியதற்குக் கூலி கணக்கிலும் இருக்கும். அந்தக் கணக்குக்காகச் சண்டை போட இடம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. வேலை நடக்காத மழை மாதங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழக அரசு கொடுக்கத் தொடங்கியிருக்கிறதே, தொகை போதாது என்றாலும், காத்திருப்பதும் ஒரு தொழிலாளியின் வாழ்வில் ஒரு பகுதி என்பதை அது ஏற்கிறது.

கூட்டக் கொள்முதல் இந்தக் குறைந்தபட்ச ஒப்புதலையும் எடுத்துவிடுகிறது. அங்கே விலை உழைப்புக்கு இல்லை, வெற்றிக்கு. தோற்ற உழைப்பு உழைப்பாகவே பதிவாவதில்லை. அது ‘ஆர்வம்’, ‘பங்கேற்பு’, ‘வாய்ப்பு’. நாற்பது பாத்தியை நாற்பது பேர் வாருகிறார்கள், ஒரு பாத்தி உப்பை எடுத்துக்கொண்டு மீதியைக் கரைத்துவிடுகிறார்கள். தொழிற்சாலையில் உபரியை உருவாக்குகிறவனுக்குக் கூலியாவது உண்டு. இங்கே நிராகரிக்கப்பட்டவையும் வாங்குகிறவனுக்குப் பயன்படுகின்றன. ஒப்பிட்டுப் பார்க்க, விளம்பரப்படுத்த, யோசனை எடுக்க, பின்பக்கத்தில் சின்னதாகப் போட. இன்று எந்திரத்திடம் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அது நொடியில் நாற்பது படம் தருகிறது. அப்படியானால் மனிதர்களிடம் ஏன் இன்னும் போட்டி வைக்கிறார்கள் என்று யோசித்தால், படம் மட்டும் போதவில்லை, ‘மக்கள்’ என்ற பெயரும் வேண்டியிருக்கிறது என்றே தோன்றுகிறது.

தருமியின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். பாண்டியன் பொற்கிழி கட்டித் தொங்கவிட்டான், ஏழைப் புலவன் வந்தான், சொக்கன் பாட்டு எழுதிக் கொடுத்தான், நக்கீரன் குற்றம் கண்டான். 1965-இல் ‘திருவிளையாடல்’ வந்த பிறகு நாகேஷ் புலம்புவதாகத்தான் அது மனதில் நிற்கிறது. அறிவின் அதிகாரம், கடவுளை எதிர்த்த விமர்சகன் என்று நக்கீரனை வைத்து நாம் எவ்வளவோ எழுதிவிட்டோம், விமர்சகர்கள் என்பதால் அவரைப் பிடிக்கும். தருமியோடு அந்த வாசலில் நின்று, தாங்களே எழுதிய பாட்டை வாசித்து, கிழி கிடைக்காமல் நடந்தே ஊர் திரும்பிய மற்ற புலவர்களைப் பற்றிக் கதையில் ஒரு வரி இல்லை.

நம் ஊரில் வேறு மாதிரிப் போட்டியும் உண்டு. மார்கழியில் நடக்கிற கோலப் போட்டியைப் பாருங்கள். சில இடங்களில் கல்லுப்பில் சாயம் கலந்தே போடுகிறார்கள். அங்கேயும் பரிசு ஒன்றிரண்டுதான், நடுவர்கள் அங்கேயும் தப்புச் செய்கிறார்கள், பரிசு கிடைக்காதவர்கள் திட்டுகிறார்கள். ஆனால் எல்லாக் கோலமும் தெருவில் கிடக்கிறது. ஊர் முழுக்க நடந்து பார்க்கிறது. நடுவர் சொன்னதை ஊர் ஏற்காமல் போகலாம். ஒருத்தி போட்டதைப் பார்த்து இன்னொருத்தி கற்றுக்கொள்கிறாள். கோலத்தை யாரும் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் ‘எமக்கே உரியது’ என்று சொல்வதில்லை. கூட்டம் அங்கே கொஞ்சமாவது கூட்டாக ஆகிறது.

என்ன செய்யலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதில் பெரிய சூத்திரமெல்லாம் இல்லை. அழைப்பை எல்லோருக்கும் விடுங்கள். ஆனால் புதிதாக வரைந்து அனுப்பச் சொல்லாதீர்கள். முன்பு வரைந்ததைக் காட்டச் சொல்லுங்கள், அது பள்ளி நோட்டாகவோ படகின் முகப்பாகவோ இருக்கட்டும். அதிலிருந்து நான்கைந்து பேரைப் பொறுக்கி, அந்த நான்கைந்து பேருக்கும் வேலைக்கான கூலியை முன்னாலேயே பேசி வரையச் சொல்லுங்கள். எடுத்துக்கொள்ளாத படம் வரைந்தவருக்கே உரியது என்று எழுதிக் கொடுங்கள். வந்ததையெல்லாம் நான்கு பேர் பார்க்கிற இடத்தில் மாட்டுங்கள். காசில்லாத அமைப்பு என்ன செய்யும் என்பார்கள். எங்கள் அமைப்பிடம் 5,000 இருந்தது. பலகை எழுதும் பெரியவர் அதற்குள் செய்துகொடுத்திருப்பார், பிடிக்கவில்லையென்றால் திருத்தியும் கொடுத்திருப்பார்.

இதைச் சிறுபத்திரிகையில் எழுதுகிறோம் என்பதும் எனக்கு உறுத்துகிறது. நம் இதழ்களின் அட்டைகளும் தலைப்பெழுத்துகளும் கூலியில்லா உழைப்பில் வந்தவைதாம். ஆதிமூலம் போன்றவர்கள் சிறுபத்திரிகைகளுக்குக் கோடு வரைந்தும் எழுத்து வடித்தும் கொடுத்தது தமிழ் அச்சின் முகத்தையே மாற்றியது. அது கொடை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். கொடுத்தவருக்கு வாங்குகிறவரைத் தெரியும், கொடுத்தது அச்சாகும், பெயர் இருக்கும். அங்கே கொடுப்பவர் வாசலில் நிற்கவில்லை. வித்தியாசம் உண்மையானதுதான். ஆனால் கொடை என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எத்தனை இளம் ஓவியர்களிடம் ‘நாலு டிசைன் அனுப்புங்க, எது சரியா வருதோ போட்டுக்கறோம்’ என்று நாமே கேட்டிருக்கிறோம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பரிசு பெறாத அந்தப் படங்கள் அமைப்பின் அலுவலகத்தில் ஓர் உப்புச் சாக்கில் கிடந்தன. கேட்டு வாங்கி வந்துவிட்டேன். முகவரி இருந்தவர்கள் வீடுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். சிலர் எதற்கு இது என்கிறார்கள், சிலர் வீட்டை மாற்றிவிட்டார்கள். சிரிக்கும் சூரியன் பையன் மட்டும் பரிசு கிடைத்துவிட்டதோ என்று ஓடிவந்தான். அந்தப் பெண்ணினுடையது உள்பட நான்கு படங்களை, வரைந்தவர்களின் சம்மதத்தோடு, பெயர் போட்டு இந்த இதழில் வெளியிடும்படி ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். அவர்களுக்குக் காசு கொடுப்பீர்களா என்றும் கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.